மச்சான் வாங்கிட்டார், நாமும் வாங்கணுமா?

ஸ்டியரிங் பக்கம்: வாசகர் கேள்விகள்
பதில் சொல்பவர்: மதுரை பீபீகுளத்தில் பெண்களுக்கான டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பெரிய எஸ்.யூ.வி. எடுக்கலாமா? மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். லைசென்ஸ் புதுப்பிப்பது பற்றிக் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம்.

அக்கா, எங்களிடம் இருப்பது பழைய ஸ்விஃப்ட். தொந்தரவு இல்லாமல் ஓடுகிறது. கே.கே. நகரில் இருக்கும் என் அண்ணன் போன மாதம் ஏழு சீட் பெரிய வண்டி எடுத்தார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் இல்லை. 22 லட்ச ரூபாய் வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். காரணம் கேட்டால் மூன்று சொல்கிறார்: உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்கு மண்ரோடு, வருஷத்துக்கு ஒரு கொடைக்கானல், மாமியாருக்கு முழங்கால் வலி. இரண்டு பிள்ளைகள். வீடு மாசி வீதியை ஒட்டிய சந்துக்குள், சந்து ஒன்பது அடி. என்ன சொல்கிறீர்கள்?
வாசகி, தெற்கு மாசி வீதி

மச்சான் வாங்கியதுதான் முதல் காரணம், மற்ற மூன்றும் அதற்குப் பிறகு சேர்ந்தவை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. இருந்தாலும் அவர் சொன்ன மூன்றையும் மதித்தே பார்ப்போம்.

அதற்கு முன்னால் உங்கள் சந்து. ஒரு டேப் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரையே அளக்கச் சொல்லுங்கள், நீங்கள் அளக்க வேண்டாம். ஒன்பது அடிச் சந்தில் ஒரு பைக் சுவரோரம் நின்றால் இரண்டரை அடி போயிற்று. மீதி ஆறரை அடி. ஸ்விஃப்ட்டின் அகலம் 1,735 மில்லிமீட்டர், அதாவது ஐந்தடி எட்டு அங்குலம். பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு போய்விடலாம், இத்தனை நாளாகப் போய்க்கொண்டும் இருக்கிறீர்கள். ஸ்கார்ப்பியோ-N மாதிரி வண்டி 1,917 மில்லிமீட்டர், ஆறேகால் அடிக்கு மேல். பக்கத்துக்கு ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் இடைவெளியில் தினமும் காலையில் பள்ளிக்கூட நேரத்தில் யார் ஓட்டுவது? பைக்குக்குச் சொந்தக்காரரை எழுப்பி, நகர்த்தச் சொல்லி, அவர் சாவி தேடி வருவதற்குள் பிள்ளைகளுக்கு முதல் பீரியட் முடிந்துவிடும். அப்புறம் வண்டியை மாசி வீதியிலேயே எங்காவது விட்டுவிட்டு நடந்து வருவீர்கள். இரண்டே மாதத்தில் அந்த வண்டி கவர் போட்டு மூடிய நிலையில் நிற்கும், பிள்ளைகள் பழையபடி ஸ்கூட்டியில் போவார்கள். டவுனுக்குள் இப்படி மூடிக் கிடக்கிற வண்டிகளை ஆவணி மூல வீதிப் பக்கம் நடந்து போனால் நீங்களே பார்க்கலாம்.

இனி குலதெய்வம். கடைசிக் கொஞ்ச தூரம் மண்ரோடு என்கிறீர்கள். அந்த ரோட்டில்தான் ஊர் மினிபஸ்ஸும் ஆட்டோவும் போகின்றன. உங்கள் வண்டிக்குத் தரையிலிருந்து 163 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அடி தட்டுவது பெரும்பாலும் ஐந்து பேர் ஏறி, டிக்கி நிறையச் சாமானும் ஏற்றி, வேகத்தையும் குறைக்காமல் போகும்போதுதான். மோசமான இடத்தில் இரண்டு பேரை இறக்கி நடக்கவிட்டு, முதல் கியரில் மேட்டின் மேல் சக்கரத்தை ஏற்றி ஓட்டினால் தட்டாது. கிடா வெட்டுக்குப் போகிறவர்கள் ஆட்டையும் அண்டாவையும் விறகையும் 22 லட்ச ரூபாய் வண்டியின் தோல் சீட்டில் ஏற்றப் போவதில்லை. அது எப்படியும் குட்டியானையில்தான் வரும். சொந்தபந்தம் எல்லோருக்கும் சேர்த்து ஒரு வேன் பேசத்தான் போகிறீர்கள். பிறகு எதற்குச் சொந்தத்தில் ஏழு சீட்?

ஏழு சீட் என்றதும் இன்னொன்று. ஷோரூமில் மூன்றாம் வரிசையில் வீட்டுக்காரரையே ஏறி உட்காரச் சொல்லுங்கள். முழங்கால் நெஞ்சுக்கு வரும். அந்த வரிசையை நிமிர்த்தினால் பின்னால் இரண்டு பை வைக்க இடம் இருந்தால் அதிகம். ஏழு பேர் போகலாம், அல்லது நாலைந்து பேரும் பெட்டிகளும் போகலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது.

மாமியாரின் முழங்கால்தான் இதில் உண்மையான காரணம், அதற்குப் பெரிய வண்டி சரியான மருந்தில்லை. முழங்கால் வலிக்காரர்களுக்குத் தாழ்ந்த சீட்டும் கஷ்டம், உயர்ந்த சீட்டும் கஷ்டம். தாழ்ந்தால் எழுந்திருக்க முடியாது, உயர்ந்தால் படி மிதித்து, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏற வேண்டும். நின்றபடியே பின்னால் சாய்ந்தால் உட்காரும் உயரம்தான் அவர்களுக்கு வேண்டியது. வேகன் ஆர் மாதிரி நெட்டையான சின்ன வண்டிகளில் அது அமைகிறது. அகலம் 1,620தான், உங்கள் சந்துக்கு இன்னும் சௌகரியம். எந்த வண்டி எடுத்தாலும் அம்மாவை அழைத்துப் போய் இரண்டு தடவை ஏறி இறங்கச் சொல்லிவிட்டு முடிவு செய்யுங்கள். பத்திரிகைக்காரர்கள் யாரும் மாமியாரை வைத்து வண்டியைச் சோதிப்பதில்லை.

பணக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் இருக்கும் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40. நம் மாநில ஆயுள்வரி 2023 நவம்பரில் உயர்ந்த பிறகு, 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 20 சதவீதம். 22 லட்ச ரூபாய் வண்டிக்கு ஆயுள்வரி மட்டும் 4 லட்சத்து 40 ஆயிரம். அந்தப் பணத்தில் நல்ல நிலையில் ஒரு பழைய வேகன் ஆர் கிடைக்கும். அதற்கு மேல் இன்சூரன்ஸ், பெரிய டயர், டவுனுக்குள் லிட்டருக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர். வேண்டாம் என்பதே என் பதில். கொடைக்கானலுக்குத் தனியாக ஒருவர் கேட்டிருக்கிறார், அதை அங்கே படித்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல், மேகமலைக்கெல்லாம் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
கல்லூரி மாணவர், ஆரப்பாளையம்

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு அரசு பஸ் தினமும் ஏறுகிறது. அதில் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கிறது. தார் ரோட்டில் மலை ஏற ஃபோர் வீல் டிரைவ் தேவையே இல்லை.

இன்னொரு வேடிக்கை, எஸ்.யூ.வி. என்ற பெயரில் ஓடுகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அந்த வசதியே கிடையாது. கிரெட்டா, நெக்ஸான், பஞ்ச் எல்லாமே முன்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிகள், உங்கள் அப்பாவின் சின்னக் கார் மாதிரியே. உயரமும் முரட்டு முகமும் மட்டும்தான் கூடுதல்.

மலையில் வேண்டியது கை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டு டன் வண்டி இறக்கத்தில் பிரேக்குக்குக் கொடுக்கிற வேலை, ஒரு டன் வண்டி கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு. கொண்டை ஊசி வளைவில் ஏறி வருகிறவருக்கு வழி விடுங்கள். இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள், 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு அது இல்லாமல் முடியாது.

நான் தினமும் திருமங்கலத்திலிருந்து நாலுவழிச்சாலையில் வேலைக்கு வருகிறேன். லாரி, பஸ், எதிர்த்திசையில் வரும் பைக் என்று பயமாக இருக்கிறது. பிள்ளைகளும் கூட வருவார்கள். பெரிய வண்டி என்றால் பாதுகாப்புத்தானே? இதில் செலவு பார்க்கலாமா?
வாசகர், திருமங்கலம்

பார்க்கக்கூடாது. ஆனால் எதற்குச் செலவு செய்கிறோம் என்று பார்க்கலாம்.

கனமான வண்டியும் லேசான வண்டியும் மோதினால் லேசான வண்டியில் இருப்பவருக்கு அடி அதிகம். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் லாரிக்கு முன்னால் உங்கள் பெரிய வண்டியும் லேசுதான். நின்றுகொண்டிருக்கும் டிரெய்லரின் பின்னால் போய்ச் சொருகினால் எந்த வண்டியும் தாங்காது. நாய் குறுக்கே வந்து சட்டென்று ஒடித்தால், உயரமான வண்டிக்குக் கவிழும் வாய்ப்பு கூடுதல், அதன் பளு மேலே இருப்பதால்.

ஆகவே உயரத்துக்குக் கொடுக்கும் பணத்தை இவற்றுக்குக் கொடுங்கள்: ஆறு ஏர்பேக், வண்டி வழுக்கும்போது தானாகப் பிரேக் பிடித்து நேராக்கும் இ.எஸ்.சி., மோதல் சோதனையில் நல்ல நட்சத்திரம். அந்த நட்சத்திரம் பெரிய வண்டிகளுக்கு மட்டும் சொந்தம் இல்லை. ஆல்ட்ராஸ் 2020-லேயே குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து வாங்கியது, அது சாதாரண ஹேட்ச்பேக். 2024-ல் நாலு மீட்டருக்குள் அடங்கும் புது டிசையரும் ஐந்து வாங்கியது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று நம் நாட்டுச் சோதனையும் இருக்கிறது. ஷோரூம் பையன் சன்ரூஃப் பற்றிப் பேசும்போது நீங்கள் நட்சத்திரம் பற்றிக் கேளுங்கள். பின்சீட்டில் பிள்ளைகளுக்கு பெல்ட் போடுங்கள். இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் இன்னொரு தடவை சொல்கிறேன்: பின்சீட்டுக்கும் பெல்ட்.

இதுவரை வண்டிக்குள் இருப்பவர் கணக்கு. வெளியே இருப்பவர் கணக்கு ஒன்று உண்டு, அதை யாரும் கேட்டு எழுதவில்லை, நானே சொல்கிறேன். 2022-ல் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள் 44.5 சதவீதம், நடந்து போனவர்கள் 19.5 சதவீதம். காருக்குள்ளேயே இல்லாத இந்த இரண்டு வகையினர் மட்டுமே செத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

அமெரிக்காவில் காப்பீட்டுக் கம்பெனிகளின் பணத்தில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பானட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி நடந்து போகிறவர் மீது மோதினால், 30 அங்குலத்துக்குள் சரிவான முகம் கொண்ட காரைவிட அவர் சாகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் கூடுதல். தாழ்ந்த கார் காலில் இடித்து ஆளை பானட்டின் மேல் சாய்க்கும். உயர்ந்த வண்டி நெஞ்சிலும் தலையிலும் இடிக்கும், ஆள் கீழே போய்விடுவார். குழந்தை என்றால் யோசித்துப் பாருங்கள்.

என் பள்ளியில் பெரிய வண்டி ஓட்டக் கற்க வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு பிளாஸ்டிக் குடத்தை பானட்டுக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு, சீட்டில் உட்கார்ந்து குடம் தெரிகிறதா என்று கேட்பேன். தெரியாது. தெரிகிறவரை குடத்தை முன்னால் தள்ளிக்கொண்டே போவேன். குடம் எங்கே நிற்கிறது என்று இறங்கி வந்து பார்த்ததும் அவர்கள் முகம் மாறும். உங்கள் வண்டியிலும் செய்து பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை. நம் ஊரில் வீட்டு வாசலிலேயே வண்டி நிற்கிறது, வாசலிலேயே பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடுகின்றன.

அக்கா, எனக்கு ஊர் பார்க்க வேண்டும், மலை ஏற வேண்டும் என்றெல்லாம் இல்லை. சின்னக் காரில் போனால் பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடித்தே என்னை ஓரம் கட்டுகின்றன. அண்ணன் வண்டியை ஒருநாள் ஓட்டினேன். எல்லோரும் ஒதுங்கினார்கள். இந்த ஒரு காரணத்துக்காகப் பெரிய வண்டி வாங்கினால் தப்பா?
பெயர் வேண்டாம், அண்ணா நகர்

வந்த கடிதங்களிலேயே நேர்மையானது இது. ஆண்கள் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் குலதெய்வமும் மலையும் இருக்கின்றன, இந்தக் காரணத்தை ஒருவர்கூட எழுதவில்லை.

தப்பில்லை. கோரிப்பாளையத்தில் சிக்னல் பச்சை விழுந்த அரை வினாடிக்குள் பின்னால் ஹாரன் அடிக்கிறவர்கள், ஓட்டுவது பெண் என்று தெரிந்தால் இரண்டு அடி சேர்த்து அடிப்பார்கள். ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிய பிறகு, அந்த ஹாரனுக்குப் பயந்தே வண்டியைத் தொடாமல் விட்ட பெண்களை எனக்குத் தெரியும். உயரமாக உட்கார்ந்தால் எனக்கும் பிடிக்கும். முன்னால் நாலு வண்டி தாண்டித் தெரிகிறது, முதுகும் நிமிர்கிறது.

ஆனால் உங்களுக்கு வேண்டியது உயரம். நீளமும் அகலமும் எடையும் அதோடு கட்டாயமாக வர வேண்டியதில்லை. பஞ்ச் மாதிரி வண்டி 3,827 மில்லிமீட்டர் நீளம், 1,742 அகலம், கிட்டத்தட்ட ஸ்விஃப்ட் இருக்கிற இடத்திலேயே நின்றுவிடும், உட்காரும் இடம் மட்டும் உயரம். அதை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். இப்போதுள்ள காரிலேயே சீட்டை உயர்த்தும் நெம்புகோல் இருக்கிறதா என்றும் பாருங்கள், வாங்கிப் பல வருஷம் ஆகியும் அதைத் தொடாதவர்கள் உண்டு. அப்புறம், ஹாரன் அடிக்கிறவனை அடிக்க விடுங்கள். நீங்கள் உங்கள் லேனில், உங்கள் வேகத்தில் போங்கள்.

அண்ணன் வண்டிக்கு ஒதுங்கியவர்களில் பாதிப் பேர், உள்ளே ஏதோ கட்சிக்காரர் இருக்கிறார் என்று நினைத்து ஒதுங்கியிருப்பார்கள். நம் ஊரில் வெள்ளை நிறப் பெரிய வண்டிக்கு அந்த மரியாதை உண்டு.

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில், சிறுமலை அடிவாரத்தில் தென்னையும் வாழையும் போட்டிருக்கிறேன். கால்வாய்க் கரை மேல்தான் வழி. மழை பெய்தால் சேறு. உரமூட்டை, மோட்டார், சில நாள் வேலையாட்கள். என் மகன், எஸ்.யூ.வி. எல்லாம் சூழலுக்குக் கேடு, வாங்காதே என்கிறான். அவன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை.
விவசாயி, வாடிப்பட்டி ஒன்றியம்

நீங்கள் வாங்குங்கள் ஐயா. இந்த ஜாதி வண்டியைக் கண்டுபிடித்ததே உங்களுக்காகத்தான்.

ஆனால் மகன் வயதுக்காரர்கள் ஆசைப்படுகிற பளபளப்பு வண்டி வேண்டாம். அடியில் லாரி மாதிரி தனி இரும்புச் சட்டகம் (சேஸி) இருக்க வேண்டும், பின்னால் பட்டை ஸ்பிரிங் இருக்க வேண்டும், உள்ளூர் மெக்கானிக்குக் கை பழகியிருக்க வேண்டும். 2000-த்திலிருந்து வருகிற பொலிரோ அப்படிப்பட்டது. பார்க்கத்தான் முரடு, அகலம் 1,745 மில்லிமீட்டர்தான். ஸ்விஃப்ட்டைவிட ஒரு சென்டிமீட்டர்தான் கூடுதல். கால்வாய்க் கரைக்கு அதுதான் முக்கியம், பெரிய வண்டியில் கரையில் போனால் ஒரு பக்கச் சக்கரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வரும். பொலிரோவிலும் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். சேறு முழங்கால் அளவு என்றால், நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப் வகையைக் கேளுங்கள். மூட்டையும் அதில்தான் ஏற்ற வேண்டும்.

மகன் சொல்வதும் பொய்யில்லை, எடை கூடினால் எரிபொருளும் புகையும் கூடத்தான் செய்யும். ஆனால் அதை அவர் முதலில் சொல்ல வேண்டியது, அவர் அலுவலக வாசலில் ஒற்றை ஆளாக வந்து இறங்குகிற நண்பர்களிடம்.

முன்னால் கம்பி மாட்டினால் வண்டி எடுப்பாக இருக்கிறதே?
வாசகர், வில்லாபுரம்

மாட்டாதீர்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைச் சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதும்போது நசுங்கி அடியை வாங்க வேண்டிய முன்பாகம் நசுங்காமல் அடி உள்ளே வரும், ஏர்பேக்கும் நேரத்துக்கு விரியாமல் போகலாம். எதிரே இருப்பவருக்கு அது இரும்பு உலக்கை.

எப்படி வந்தது இந்த மோகம்? என் சிறுவயதில் அம்பாசிடரில் பத்துப் பேர் போனோம்.
ஓய்வுபெற்ற ஆசிரியர், சோழவந்தான்

பத்துப் பேர் போனதைப் பெருமையாக எழுதியதற்கு மதிப்பெண் குறைக்கிறேன் சார்.

அமெரிக்காவில் 1975-ல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. காருக்குக் கடுமையான அளவு, லாரி வகைக்குத் தளர்வான அளவு. பாவம் விவசாயிகள், வேலைக்காரர்கள் என்று கொடுத்த சலுகை. கம்பெனிகள் குடும்பக் காரையே லாரி வகைக்குள் அடங்குகிற மாதிரி செய்து விற்றன, லாபமும் அதில்தான் அதிகம். நமக்கு 1994-ல் சுமோ, 2000-ல் குவாலிஸ், 2002-ல் ஸ்கார்ப்பியோ, 2009-ல் ஃபார்ச்சூனர். முதலில் வாடகை வண்டியாகவும், பிறகு கட்சிக்காரர்கள் ஊர்வலத்திலும் பார்த்துப் பழகினோம். 2024–25-ல் நாட்டில் விற்ற கார்களில் ஏறக்குறைய 65 சதவீதம் இந்த எஸ்.யூ.வி.யும் எர்டிகா மாதிரி எம்.பி.வி.யும் சேர்ந்த வகைதான்.

பாரிஸ் நகரத்தில் 2024 பிப்ரவரியில் ஓட்டுப் போட்டே முடிவெடுத்தார்கள்: 1.6 டன்னும் அதற்கு மேலும் உள்ள வெளியூர் வண்டிக்கு நகர மையத்தில் பார்க்கிங் கட்டணம் மூன்று மடங்கு, மணிக்கு 18 யூரோ. ஓட்டுப் போட வந்தவர்கள் ஆறு சதவீதம்கூட இல்லை, அதையும் சொல்ல வேண்டும். நம் டவுன்ஹால் ரோட்டில் இப்படி ஒன்று கொண்டு வந்தால் எத்தனை பேர் ஓட்டுப் போட வருவார்கள்? எதிர்த்துப் போட எல்லோரும் வருவார்கள்.

எதிர்வீட்டுக்காரர் புதிதாக எடுத்த வண்டி அவர் போர்ட்டிகோவில் அடங்கவில்லை. வால் தெருவில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மாநகராட்சிக் குப்பை வண்டி எங்கள் பக்கம் வருவதே இல்லை. சண்டை போடலாமா?
வாசகி, திருநகர்

உடனே வேண்டாம். வண்டி 4.7 மீட்டர், போர்ட்டிகோ நாலு மீட்டர், அவருக்கும் சங்கடம்தான், வெளியே சொல்ல மாட்டார். குப்பை வண்டிக்காரரிடம் வருகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு மட்டும் வண்டியை வேறு இடத்தில் எடுத்து நிறுத்தும்படி எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லுங்கள். ஐயாவிடம் சொல்லாதீர்கள், அவர் இன்னும் பூஜை போட்ட மயக்கத்தில் இருப்பார். நடக்கவில்லை என்றால், ஆம்புலன்ஸ் நுழைய முடியாத வழி என்று படம் எடுத்து வார்டு அலுவலகத்திலும் போக்குவரத்துப் போலீஸிலும் எழுதிக் கொடுங்கள். தெருவில் இன்னும் நாலு வீட்டுக் கையெழுத்தும் இருக்கட்டும்.